ஒரு வீடு மட்டும் பாக்கி

ஊரெல்லாம் கேமரா மாத்தியாச்சு. பட்டாளத்துக்காரர் வீட்டில் மட்டும் பழைய சீனா கேமரா இன்னும் தொங்குகிறது என்றால் எபனேசருக்கு எப்படி இருக்கும்?

தென்காசியில் கேமரா கடை வைத்திருப்பவர் அவர். பரிசோதனை ஆகாத கேமராவை இனி விற்கவே கூடாது என்று மத்திய அரசு விதி போட்டதிலிருந்து மனுசனுக்கு வேறு பேச்சே இல்லை. வேற்று நாட்டு அரசாங்கம் அங்கே இருந்தபடியே நம் வீட்டைப் பார்க்கலாமாம் என்று யாரோ சொல்ல, அவருக்குப் பகீரென்று ஆகிவிட்டது.

ஏற்கெனவே வீட்டில் இருப்பதைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லைதான். ஆனாலும் மாட்டிவிட்டவர் இவராயிற்றே. வீடு வீடாக ஏறி இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பு மாட்டுகிறவர்களைக்கூட விட்டுவைக்கவில்லை.

எல்லாரும் சரி என்றார்கள். பக்கத்துக் குத்துக்கல்வலசையில் இருக்கும் ஆனந்தவள்ளி மட்டும் பிடி கொடுக்கவில்லை. அவள் புருஷன் இசக்கிமணி லடாக் எல்லையில் இருக்கிறார். எபனேசர் மூன்று தடவை போன் பண்ணியும் அவளிடமிருந்து ஒரே பதில்தான்.

"இப்ப வேண்டாம் அண்ணாச்சி. பொறவு பாப்போம்."

பட்டாளத்தான் பெண்டாட்டியே இப்படிப் பேசினால் மற்றவர்களை என்ன சொல்ல? எபனேசருக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு புதுக் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு, சாரலில் நனைந்தபடி வண்டியை விட்டார்.

ஆனந்தவள்ளி முன்னறையில் நாற்காலி எடுத்துப் போட்டாள். துடைக்கத் துண்டும் கொடுத்தாள்.

"சும்மாவே மாட்டித் தாரேன் தாயி. ஒரு பைசா வேண்டாம். நாட்டுக்காக நிக்கிறவர் வீடு இது."

"காசுக்காகச் சொல்லலை அண்ணாச்சி. இது அவுக லீவுல வந்தப்ப கூட நின்னு மாட்ட வச்சது. அவுக மலை மேல காவலுக்குப் போயி இருபது நாளாச்சு. அங்கன சிக்னல் கிடையாது. திடீர்னு சிக்னல் கிடைச்சு, போன்ல நம்ம வீட்டைப் பாக்கும்போது படம் வரலைன்னா பதறிருவாகள்லா."

"அதுக்காக? அவரு லீவுக்கு எப்ப வாராரு, எப்ப திரும்புதாருன்னு இதை வச்சே எதிரி தெரிஞ்சுக்கிட்டா என்ன செய்வே?"

அவள் வாசல் கேமராவை ஒருதரம் எட்டிப் பார்த்தாள்.

"நம்ம பாட்டுக்கு வீட்டுல இருப்போம். எவனோ ஒருத்தன் நமக்குத் தெரியாம உக்காந்து பாத்துக்கிட்டிருப்பான். நெனச்சாலே உடம்பு கூசலையா?"

"கூசத்தான் செய்யுது அண்ணாச்சி. ஆனா அவுக குரலை ஒருதடவை கேட்டுட்டு மாத்திக்கிடுதேனே."

கண்ணில் முட்டிய தண்ணீரைச் சட்டென்று துடைத்துக்கொண்டாள். எபனேசருக்கு வந்த கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. பாவம், சின்னப் பிள்ளை. அவரும் இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றவர்தானே.

"இந்தா, இப்படி உள்ளுக்குள்ளேயே வச்சுப் புழுங்கினா உடம்பு என்னத்துக்கு ஆகும்? நாலு நாளா நீ ஒழுங்காச் சாப்பிடலை. மத்தியானமானா சோத்துத் தட்டோட பின்வாசப் படியில போயி உக்காருதே. முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழுவுதே. சோத்தைப் பூராவும் கோழிக்குப் போட்டுட்டு எந்திரிச்சு வாரே. பாக்கிறவனுக்கு மனசு கேக்குமா?"

ஆனந்தவள்ளி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவள் வீட்டுப் பின்வாசலைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் சுவர் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் எக்கி நின்றாலும் படி தெரியாது. அங்கே இருப்பது கோழிக்கூடும் ஒரு கேமராவும்தான்.

எபனேசருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் மாட்டிய வீடு அத்தனைக்கும் அவர் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டுதான். யாரும் மாற்றுவதில்லை. கடையில் ஆள் வராத நேரம் ஒவ்வொரு வீடாகத் திறந்து பார்ப்பார். லைன் ஓடுகிறதா என்று ஒரு செக்கிங், அவ்வளவுதான் என்று இத்தனை நாளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

"செக்கிங்குக்குத்தான் தாயி... வேற ஒண்ணும்..."

புதுக் கேமராவை மாட்டியிருக்கும் அத்தனை வீடும் ஞாபகத்துக்கு வந்தது.

உள்ளேயிருந்து அவள் மாமியார் முப்பிடாதியம்மாள் குரல் கொடுத்தாள்.

"ஏட்டி, ஆரு அழுததா அங்கன பேச்சு? பயலைப் பத்தி ஏதும் தகவலா?"

எபனேசர் கையிலிருந்த துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கிழவி காதில் ஒரு வார்த்தை விழுந்தால் போதும். பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் எந்த முகத்தோடு கடையைத் திறப்பது?

"ஒண்ணுமில்லை அத்தை. கேமரா அண்ணாச்சி சீரியல் கதை சொல்லுதாக. நம்ம வீட்டுக்குப் புதுக் கேமரா கொண்டாந்திருக்காக."

"அப்படியா? மழையில வந்த மனுசனுக்குக் காப்பி போட்டுக் குடு."

"இந்தா குடுக்கேன்."

ஆனந்தவள்ளி எழுந்தாள். மூலையில் சாத்தியிருந்த ஏணியை எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்தாள். பிறகு அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்:

"ரெண்டையும் இப்பவே மாட்டிருங்க அண்ணாச்சி. பாஸ்வேர்டை மட்டும் நான் போட்டுக்கிடுதேன்."