ஆளுக்கு ஒரு நாணயம்

நான் மூச்சு வாங்கப் போய் நின்றபோது, நாணயச் சாலை விற்பனைக் கவுன்ட்டரில் ‘இருப்பு இல்லை’ பலகையை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

கலங்கரை விளக்கம் பொறித்த நினைவு நாணயம். அசல் வெள்ளி. கொஞ்சம்தான் அடிப்பார்கள், ஆளுக்கு ஒன்றுதான் தருவார்கள். நான் ஆபீஸ் போய்க் கையெழுத்துப் போட்டு, மேனேஜரிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் இதே கதைதான். மேனேஜர் பாவம், என்னை ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

“நான் வேணா போய் வரிசையில நிக்கட்டுமா?” என்று என் மனைவி ஒரு தடவை கேட்டாள். விழுந்து விழுந்து சிரித்தேன். விளிம்பில் கீறல் இருக்கிறதா, உறை பிரிந்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டிய சமாசாரம், கத்தரிக்காய் வாங்குகிற மாதிரியா என்று கேட்டேன். அதோடு அவள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

அப்புறம் என்ன, லென்ஸ்காரர் கடைதான். ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டே பேசுகிற நாணய வியாபாரி. காலையில் கவுன்ட்டரில் தீர்ந்தது சாயங்காலம் அவரிடம் இருக்கும், மூன்று மடங்கு விலைக்கு. யார் கொண்டுவந்து தருகிறார்கள் என்று கேட்டால் தொழில் ரகசியம் என்பார். நான் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டு நிற்பேன். பிறகு சமர்த்தாகக் கொடுத்துவிட்டு வருவேன்.

இன்றைக்கும் அப்படித்தான். வழக்கமாகத் தரும் பிளாஸ்டிக் டப்பா தீர்ந்துவிட்டதாம். அவரிடம் வந்தபடியே, ஒரு துணிப் பையோடு எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் பொரிந்து தள்ளினேன்.

“ஆசைப்பட்டுச் சேர்க்கிறவனுக்குக் கிடைக்காமப் பண்ணிட்டு, வாங்கின அன்னைக்கே கடையில கொண்டுபோய்த் தள்ளுதுங்களே, அதுங்க வீடு விளங்குமா?”

மனைவி என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். எதிரே மகள் களுக்கென்று சிரித்தாள்.

அவள் இப்போதெல்லாம் பல்லில் கம்பியோடு தாராளமாகச் சிரிக்கிறாள். முன்பெல்லாம் தூக்கின பல் தெரியாமல் இருக்கக் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். போட்டோ எடுத்தால் எல்லாருக்கும் பின்னால் போய் நின்றுகொள்வாள். இந்த வயதிலேயே கம்பி போட்டுவிட்டால் நல்லது என்று டாக்டர் சொன்னபோது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். அடுத்த மாதம் பாலம் நாணயம் வந்தது. அதற்கடுத்து கொக்கு வந்தது. கொக்கு எத்தனை அழகு, விட முடியுமா?

கடைசியில் மனைவியே எங்கேயோ புரட்டித் தவணை கட்ட ஆரம்பித்தாள். அவள் அண்ணன்தான் உதவியிருப்பார் என்று நானாக முடிவு செய்து, போன் போட்டு நன்றி சொன்னேன். மச்சானும் துளிகூடக் கூச்சப்படாமல், “அதனால என்ன மாப்பிள்ளை” என்று வாங்கிக்கொண்டார்.

சாப்பாட்டுக்கு நடுவிலேயே நாணயத்தைக் காட்ட எனக்குக் கை துறுதுறுத்தது. துணிப் பையை எடுத்து வைத்தேன்.

“இருந்தாலும் இதைக் கடையில கொண்டுவந்து வித்தவன்கிட்ட ஒரு பக்குவம் இருக்கு. கீறல் படாம எப்படிப் பொத்தி வச்சிருக்கான் பாரு” என்றேன்.

நீலக் கட்டம் போட்ட துணி. நெருக்கமான தையல். அடியில் சிவப்பு மைக் கறை.

அந்தக் கறையை எனக்குத் தெரியும். நாணயம் வெளியாகும் தேதிகளை நாள்காட்டியில் வட்டம் போடுவதற்கென்றே நான் வைத்திருந்த சிவப்புப் பேனா, ஒருநாள் என் ஆபீஸ் சட்டையின் பாக்கெட்டில் கசிந்துவிட்டது. கரித்துணிக்குப் போட்டாகிவிட்டது என்று நினைத்திருந்த சட்டை. இது பையே இல்லை, அந்தப் பாக்கெட்.

மகள் தட்டைத் தூக்கிக்கொண்டு நழுவினாள்.

“நீயா?” என்றேன்.

“பாலம் நாணயத்துலேர்ந்து” என்றாள் மனைவி. “நீங்கதான் தேதியைச் சிவப்புல வட்டம் போட்டு வைக்கிறீங்களே. நீங்க ஆபீஸ் கிளம்பினதும் போய் வரிசையில நின்னுடுவேன்.”

“அதை என்கிட்டயே கொடுத்திருக்கலாம்ல? மூணு மடங்கு கொடுத்துட்டு வர்றேனே!”

“உங்ககிட்ட கொடுத்தா பீரோவுக்குள்ள போகும். அவர் கடை வழியா வந்தா அவ பல்லுக்குப் போகுது. நடுவுல அவரும் ஒரு பங்கு எடுத்துக்கிறாரேன்னுதான் எனக்கு வயித்தெரிச்சல்.”

அசடு வழிய உட்கார்ந்திருந்தேன். அவள் நாணயத்தை உறையோடு எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்து, விளிம்பைச் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தாள்.

“கீறல் இல்ல. கத்தரிக்காய் மாதிரி பார்த்துதான் வாங்கினேன்” என்று என் பக்கம் நகர்த்தினாள்.

உள்ளே மகள் யாரிடமோ போனில் இதையெல்லாம் சொல்லி, அடக்க முடியாமல் வீடே அதிரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அதுங்க வீடு விளங்குமான்னு கேட்டீங்களே” என்றாள் மனைவி. “அவ சிரிக்கிறது கேக்குதா?”