உம் கொட்டியவர்

தூத்துக்குடி ஆட்டோ ஓட்டுநர் மிக்கேலின் வழக்கு, மதியம் சோற்றில் கை வைத்த நேரத்தில் கைபேசியிலேயே விசாரணைக்கு வந்தது. இப்போதெல்லாம் எந்த வழக்குக்கும் ஆறு நிமிடம்தான். வாய்தா கிடையாது.

"அன்று காலை உங்கள் ஆட்டோ மீன் மார்க்கெட் வழியாகப் போனது," என்று நீதிமன்ற இயந்திரத்தின் கனிவான குரல் வாசித்தது.

"ம்," என்றார் மிக்கேல். யார் எதைச் சொன்னாலும் உம் கொட்டிக் கேட்பது அவர் பழக்கம்.

"சாலையைக் கடந்த பெரியவரை இடித்தீர்கள்."

"ம்..." அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. முதலில் குரல் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

மனைவி பிரகாசி திரையை எட்டிப் பார்த்தாள். வாசித்த இரண்டு வரிக்கும் எதிரே 'ஒப்புக்கொண்டார்' என்று விழுந்திருந்தது. அவள் கைபேசிப் பக்கம் குனிந்தாள்.

"ஐயா, இவரு இடிக்கல! கீழ கெடந்தவரத் தூக்கி ஆஸ்பத்திரியில சேத்தாரு!"

"வெளியாள் குரல் நீக்கப்பட்டது. பெரியவருக்கு உயிர் இருப்பது தெரிந்தும் விட்டுவிட்டு ஓடினீர்கள்."

"ஏங்க, உம் கொட்டாதீங்க! அத ஆமான்னு எழுதுது!" பிரகாசி பாய்ந்து அவர் வாயை இறுகப் பொத்தினாள்.

மிக்கேலுக்கு அப்போதுதான் விளங்கியது. கண் பிதுங்கத் தலையை ஆட்டி, இல்லை இல்லை என்று முழு மூச்சாகக் கத்தினார். அவள் உள்ளங்கையைத் தாண்டி வந்தது "ம்ம்ம்" மட்டும்தான்.

"நன்றி," என்றது குரல். "இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது. தண்டனையை வாசிக்கலாமா?"