தப்பான கூடையில போட்ட சிரிப்பு

சத்தியமாச் சொல்றேன், இதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது. பொய்யா இருந்தா அடுத்த தடவ முடி வெட்டும்போது என் காது ஒண்ணு போகட்டும்.

ஒரு சலூன்காரர். அவர் கடையில எதிரெதிரா ரெண்டு கண்ணாடி. ஒருத்தர் போய் உக்காந்தாப் போதும், உள்ளுக்குள்ள உள்ளுக்குள்ளன்னு நூறு பேர் உக்காந்திருப்பாங்க. பவுடர் புகையில அத்தன பேரும் மேகத்துல மிதக்குற மாதிரி இருக்கும். அந்த நூறு மண்டைக்குப் பின்னாலயும் நம்மாளு நின்னு சிரிச்சுக்கிட்டிருப்பாரு.

வழுக்கைத் தலையோட யாராச்சும் வந்தா, "அண்ணே, வெட்ட நேரமாகாது, தேடத்தான் நேரமாகும்"பாரு.

கொஞ்ச நாளா அந்தச் சிரிப்பு கூடிப்போச்சு. வீட்டுக்காரி வேற ஊர்ல பெரிய ஆஸ்பத்திரியில கிடக்கா. அங்கிருந்து போன்ல வர்ற சேதி எதுவும் நல்லதா இல்ல. மக சுண்டுகிட்ட, அம்மா சும்மா ரெஸ்ட்டு எடுக்குறா, லீவுக்கு வந்துருவான்னு சொல்லி வச்சிருக்காரு. மூணாவது படிக்குற பிஞ்சு, தெரிஞ்சா ஒடஞ்சு போயிருமேன்னு பயம். அதனால போன வச்ச கையோட ஒரு சிரிப்பச் சிரிச்சிருவாரு. சுண்டுவும் பின் பெஞ்சுல உக்காந்து, கண்ணாடியில தெரியுற அப்பாவப் பார்த்துச் சிரிக்கும். அப்பாடா, புள்ளைக்கு ஒண்ணும் தெரியலன்னு இவருக்கு நிம்மதி.

அன்னைக்கு பள்ளிக்கூடத்துல பெத்தவங்களக் கூப்பிட்டிருந்தாங்க. வெளிய தூறல். ஜன்னல்ல தண்ணி வழிஞ்சு, வகுப்பே குளத்துக்கு அடியில இருக்குற மாதிரி மங்கலா, நீலமா இருந்துச்சு. கம்ப்யூட்டருங்க மட்டும் மின்மினி கணக்கா மினுங்குது.

புள்ளைங்க ஆளுக்கொரு மெஷினுக்குப் பாடம் சொல்லிக் குடுத்திருக்காங்களாம். அதாவது, மெஷின் பச்சப்புள்ள மாதிரி, அதுக்கா ஒண்ணும் தெரியாதுன்னாங்க டீச்சர். வீட்டு ஆளுங்கள எடுத்த படத்த கம்ப்யூட்டருக்குள்ளயே ரெண்டு கூடையாப் பிரிச்சு, இது சந்தோஷம், இது சோகம்னு காட்டிக் குடுக்கணும். அப்புறம் ஆள் போய் கேமரா முன்னால நின்னா அதுவே சொல்லிரும்.

ஒரு பஸ் டிரைவர் போய் நின்னு பல்லக் காட்டினாரு. அவர் மகனோட மெஷின், சந்தோஷம்னு எழுதிக் காட்டுச்சு. அவர் சம்சாரம் பின்னால வந்து நின்னதும் அவர் மூஞ்சி மாறுச்சு, மெஷினும் சோகம்னு மாறிருச்சு. ஒரே கைதட்டு.

அடுத்தது நம்மாளு. முப்பத்திரண்டு பல்லும் தெரிய நின்னாரு.

சோகம்.

எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. இவரு வாய இன்னும் காதுவரைக்கும் இழுத்தாரு. அப்பவும் சோகந்தான். ஊருக்கே மொட்டை போடுற ஆளுக்கு மகளே மொட்டை போட்டுட்டாளேன்னு டிரைவர் ஒரு போடு போட்டாரு.

டீச்சருக்குக் குழப்பம். சுண்டு போன வச்சு சலூன் கண்ணாடியில பார்த்து எடுத்த படமாச்சே, இடவலம் மாறி மெஷின் முழிக்குதோன்னு கூடையத் தொறந்து பார்த்தாங்க. சோகக் கூடை முழுக்க நம்மாளு இளிச்சுக்கிட்டிருக்காரு. சந்தோஷக் கூடையில, சலூன் நாற்காலியில வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்குறாரு. சீப்ப வாயில கவ்விக்கிட்டு, உம்முன்னு சுண்டுவுக்கு முன்முடி கத்தரிக்குறாரு.

கூடைய மாத்திப் போட்டுட்டியேம்மா, இத எப்படி அறிவியல் கண்காட்சிக்கு அனுப்புறதுன்னு டீச்சர் வருத்தப்பட்டாங்க. நம்மாளுக்கு மானமே போச்சு.

"ஏ கழுத, சிரிப்புக்கும் அழுகைக்கும் வித்தியாசம் தெரியாதா ஒனக்கு?"

சுண்டு கால் கட்டைவிரலால தரையில கோலம் போட்டுச்சு.

"மாத்திப் போடல டீச்சர். ஆஸ்பத்திரி போன் வந்தா மட்டுந்தான் அப்பா இப்படிச் சிரிப்பாரு."

நம்மாளு சிரிப்பு மூஞ்சியில அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்குது, எறக்கி வைக்கவும் தெரியல.

டீச்சர் மெதுவா, "அப்போ மெஷினுக்கு அப்பா மனசு தெரியுமாம்மா?"ன்னாங்க.

"அதுக்கு என்ன டீச்சர் தெரியும்? நான் சொன்னதத் திருப்பிச் சொல்லுது."

நம்மாளு சுதாரிச்சுக்கிட்டாரு. ஓடிப்போய் மகள இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு, "அட அசடு, அப்பாவுக்கு என்ன சோகம்? அம்மாதான் லீவுக்கு வந்துருவாளே"ன்னாரு.

"ஆமாப்பா, வந்துரும்"னு சுண்டு சிரிச்சுச்சு. விழுந்த பல்லு ஓட்டை தெரிய, பளீர்னு ஒரு சிரிப்பு. மூஞ்சி கேமராவுக்கு நேரா இருந்துச்சு.

கனவுல வர்ற மாதிரி, திரையில எழுத்து மெல்ல மிதந்து வந்துச்சு.

சோகம்.

டீச்சர் மவுஸால அந்தக் கூடைப் படங்கள இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தாங்க. அப்பா படத்துக்கெல்லாம் அடியில, அதே மாதிரி சிரிச்சுக்கிட்டு, வரிசையா சுண்டு.

அவ்வளவுதான் கத. ஓசியில கேட்டுட்டு நைசா நழுவாதீங்க, சூடா டீ சொல்லுங்க, சக்கரை தூக்கலா. கண்ணு கலங்குனவங்க ஒரு டீ. கலங்கவே இல்லன்னு சிரிக்கிறவங்க ரெண்டு.