செல்லாத தோல் நோட்டு

தோல் வணிகக் கம்பெனியின் கடையில், தராசுக்குப் பின்னால் தெரென்தி. எதிரே உப்புமீன் பீப்பாய்மேல் அவன் அக்கா மாத்ரோனா. சன்னலோரம் கடிதம் எழுத நான். கொடியாக் தீவிலிருக்கும் மகளைக் கப்பலில் வரவழைக்க அவள் சேர்த்த, கடல்நாய்த்தோலில் கம்பெனி அச்சடித்த பண நோட்டுகள் மேசையில் சுருண்டு கிடக்கின்றன. மழைவெளிச்சத்தில் கம்பெனி முத்திரை ஈரமாய் மின்னுகிறது. “கடைக்கு வெளியே இது செல்லாதுக்கா. கப்பல்காரன் வெள்ளிதான் கேக்குறான்.” “என் வெள்ளியையெல்லாம் தோலா மாத்திக் குடுத்தது நீதானேடா?” “கம்பெனி மாத்தச் சொன்னுச்சு.” “அப்ப நீ யாருக்குத் தம்பி?” அவன் காலித் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருக்கிறான். அவள் என் பக்கம் திரும்புகிறாள். “இந்த வருஷம் வரவேண்டாம்னு எழுதுங்க.” எழுதுகிறேன். “மாமா விசாரிச்சதா ஒரு வரி...” என்கிறான் தெரென்தி மெதுவாக. அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துகிறாள். கடிதத்தை மடித்து மெழுகைச் சொட்டவிடுகிறேன். மெழுகு இறுகியதும் அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு, தம்பியைப் பார்க்காமல், மழையில் துறைக்கு இறங்குகிறாள்.