அதே அலை

ஃப்ளாரன்ஸ் அந்த சி.பி.யு.வை மடியிலிருந்து இறக்கவே மனமில்லாமல் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் உட்கார்ந்திருந்தாள். மகன் ஜெரின் கடைசியாகக் கடலில் இறங்கியதை அவன் கூட்டாளிகள் எடுத்த வீடியோ அதற்குள்தான் இருந்தது. வேறு எதிலும் ஏற்றிப் பார்க்க அவள் விடவில்லை. ஓட்டினால், முழங்கால் தண்ணீரில் முதுகு காட்டி நிற்பவன்மேல் ஓர் அலை எழும். உடனே திரை முழுக்க நீலமாகி கம்ப்யூட்டர் அணைந்துவிடும். எத்தனை முறை ஓட்டினாலும் அதே அலைதான்.

"அவன் மொகத்தத் திருப்புற வரைக்கும் ஓடுனாப் போதும் தம்பி," என்று சர்வீஸ் பார்க்கும் கபிலனைக் கும்பிட்டாள்.

ரேமை மாற்றினான், ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்தான். கடைசியில் திரையில் படம் காட்ட உதவும் மென்பொருளான வீடியோ டிரைவரில்தான் கோளாறு என்று பிடிபட்டது. அதை நீக்கிப் புதியதை ஏற்றினான். அவள் பார்க்கப் பயந்து வாசலில் போய் நின்றுகொண்டாள். முழுதாக ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் எதையும் அவன் திருப்பிக் கொடுப்பதில்லை. ஓட்டினான். அலை கடந்தது. ஜெரின் திரும்பினான், மூச்சுக்குத் திணறும் முகத்தோடு; அடுத்த அலை அவனை இழுத்துக்கொண்டது.

அவள் உள்ளே வந்தபோது கபிலன் வீடியோவை மூடியிருந்தான்.

"ஓடுச்சா தம்பி?"

"இல்லம்மா. அதே எடத்துலதான் நிக்குது," என்றவன், அவள் முகத்தைப் பார்க்காமல், பழைய டிரைவரையே மறுபடி ஏற்றத் தொடங்கினான்.