கொல்லைப்புற வழி

உள்ளே போனவர்கள் திரும்பி வரவில்லை.

வெரோனிகா டீச்சருக்கு அதுதான் புரியவில்லை. டாக்டர் அஸ்வினியின் அறைக் கதவுக்கு நேர் எதிரேதான் உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தும் கணக்கு உதைத்தது.

மந்தைவெளியில் இந்த ஆஸ்பத்திரியை இடித்துக் கட்டியதிலிருந்தே அவருக்கு எதுவும் பிடிபடவில்லை. முன்பெல்லாம் நுழைந்தால் நேர் வராந்தா, வரிசையாகப் பெஞ்சு, கோடியில் டாக்டர். இப்போது திரும்பின பக்கமெல்லாம் ஒரு வளைவு, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே செடி. மருந்து வாடைகூட இல்லை. வந்தது ஆஸ்பத்திரிக்குத்தானா என்றே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

கணவர் ஞானதாஸின் வயிற்றில் எடுத்த கட்டிக்கு இன்றைக்கு ரிசல்ட். தன்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியாது, நீயே கேட்டு வந்து சொல் என்று அவர் சாந்தோம் வீட்டிலேயே இருந்துவிட்டார். டீச்சரின் விரல்கள் ஜெபமாலையை உருட்டின. கண் மட்டும் கதவை விடவில்லை.

சற்று முன் ஒரு பெரிய மனிதரும் அவர் மனைவியும் உள்ளே போனார்கள். அந்த அம்மாள் கை நிறையத் தங்க வளையல். தி.நகரில் பெரிய கடை வைத்திருக்கிறவர்கள் என்று யாரோ சொன்னார்கள். வெகுநேரமாகியும் அவர்கள் வெளியே வரவில்லை. ஆனால் வாசலில் நின்ற நர்ஸ் தஹ்சீன் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டாள்.

பக்கத்தில் இருந்த கங்கம்மா குனிந்து, "உள்ள பின்பக்கம் ஒரு கதவு கீது டீச்சரம்மா. போன தபா வந்தப்போ பாத்தேன். பெரிய ஆளுங்க அப்படியே பூடுவாங்கோ போல" என்றாள்.

கங்கம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவள். புருஷன் ரங்கனுக்குத் தொண்டையில் புண்; அவனுடைய ரிசல்ட்டைக் கேட்கத் தனியாக வந்திருந்தாள். காலையிலிருந்து ஒன்றாகக் காத்திருந்ததில் இருவரும் பேசிப் பழகியிருந்தார்கள்.

டீச்சர் எழுந்து தஹ்சீனிடம் போனார். பின்னால் ஒரு கதவு இருக்கிறதா என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, அதைப் பற்றித் தான் ஒன்றும் சொல்லக் கூடாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள்.

அதற்குமேல் டீச்சரால் பொறுக்க முடியவில்லை.

"வசதி இருந்தா கொல்லைப்புற வழி. இல்லாதவங்க இங்க உட்கார்ந்து கிடக்கணும். இதுக்குத்தான் இவ்வளவு செலவு பண்ணிக் கட்டினீங்களா?"

கூடத்தில் நாலைந்து பேர் தலையாட்டினார்கள். தஹ்சீன் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். ஓர் இளம் தம்பதி உள்ளே போய், சிரித்த முகத்தோடு முன்கதவு வழியாகவே வந்தார்கள்.

அடுத்து கங்கம்மா போனாள்.

அவளும் வரவில்லை.

டீச்சருக்கு இப்போது தலையே சுற்றியது. கடைக்காரர் போனால் சரி, காசு பேசுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கங்கம்மாவுக்கு யார் சிபாரிசு? இவ்வளவு நேரம் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தவள், ஒரு வார்த்தை சொல்லாமலா போவாள்? யோசிக்க யோசிக்க அவருக்குக் கோபமா குழப்பமா என்றே தெரியவில்லை.

அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. அது சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை, அவரை வழக்கம்போலச் சாப்பிடச் சொல்லுங்கள் என்றார். டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார். டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு மாதாவுக்கு நன்றி சொன்னார்.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. சுவரின் நிறத்திலேயே, அறையின் மூலையில், இன்னொரு கதவு. கூடத்தில் வந்த கோபம் திரும்பி வந்தது.

"நான் இந்த வழியாப் போறேன் டாக்டர்."

"வேண்டாம்மா" என்றார் டாக்டர் அவசரமாக. "அது உங்களுக்கான கதவு இல்ல."

டீச்சருக்குச் சுருக்கென்றது. தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் இப்படி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை.

"மத்தவங்களுக்கு உண்டு, எனக்கு மட்டும் இல்லையா?"

டாக்டர் மேஜையைச் சுற்றி வருவதற்குள் அவர் கைப்பிடியைத் திருகி வெளியே வந்துவிட்டார்.

அங்கே காரும் இல்லை, காத்து நிற்கும் டிரைவரும் இல்லை. ஒரு வேப்பமரம். முகம் கழுவ ஒரு குழாய். நிழலில் இரண்டு பெஞ்சு. தெருவில் இறங்க ஒரு சின்ன கேட். உயர்ந்த சுவர் தெருவின் பார்வையை மறைத்திருந்தது.

ஒரு பெஞ்சில் அந்தக் கடைக்காரர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். வளையல் கையால் மனைவி அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். இன்னொரு பெஞ்சில் கங்கம்மா மரத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கதவுச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். டீச்சரைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. தன் கண்ணை அவசரமாக முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"உனுக்கும் இந்தக் கதவுதானா டீச்சரம்மா?"

இல்லை என்று சொல்ல டீச்சருக்கு வாய் வரவில்லை. ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் திணித்தார். கங்கம்மா நகர்ந்து இடம் விட்டாள். பக்கத்தில் உட்கார்ந்த டீச்சரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அழுதுடு டீச்சரம்மா. அத்தினி பேர் எதிர்ல நாம அழுதுக்கினு போவக் கூடாதுன்னுதான் இந்தக் கதவ வெச்சுக்கீறாங்களாம்."