வலது புருவம்

மூடியைத் தூக்கியதுதான் தாமதம், குப்பென்று தீ எழும்பி பூவாத்தாளின் முகத்தை நக்கிவிட்டுப் போனது.

மயிர் கருகிய நாற்றம் அடித்தது. கையிலிருந்த இடுக்கி கீழே விழுந்தது. கோழி மட்டும் உள்ளே பத்திரமாக இருந்தது.

ஒரு வாரமாக இதே கூத்துத்தான்.

அது பீங்கான் அடுப்பு. இடுப்புயர ஊறுகாய் ஜாடிக்குக் கீல் வைத்து மூடி போட்ட மாதிரி இருக்கும். உள்ளே கரியைப் பற்றவைத்து, கம்பித் தட்டில் கோழியை வைத்து மூடிவிட வேண்டும். கீழே ஒரு சின்னக் கதவு, உச்சியில் ஒரு துவாரம். அவற்றைத் திறந்து மூடித்தான் தீயை ஏற்றவோ இறக்கவோ முடியும்.

மில்லுக்கு மிஷின் பூட்ட வந்த ஜப்பான்காரர் ஊருக்குப் போகும்போது கொடுத்தாராம். தங்கள் பவுண்டரி குடோனில் சும்மாவே கிடந்ததாம், ஒருநாளும் பற்றவைத்ததில்லையாம். அப்படிச் சொல்லித்தான் அவள் புருஷன் சென்னியப்பன் அதை டெம்போவில் கொண்டுவந்து பீளமேட்டு வீட்டின் பின்கட்டில் இறக்கினார்.

இதில் ஒரு கோழி சுட்டுக் கொடு என்று கேட்டார்.

அவர் வாயைத் திறந்து ஒன்று வேண்டும் என்று கேட்டு எத்தனை மாதமாயிற்று. ஆடியிலிருந்து மனுஷன் சரியாகச் சாப்பிடுவதில்லை. சோற்றைப் பிசைவார், எழுந்து கை கழுவிவிடுவார். ஸ்கேன் வரைக்கும் எடுத்துப் பார்த்தாகிவிட்டது, வயிற்றில் ஒன்றுமில்லை என்றார்கள். சனிக்கிழமை தவறாமல் காரமடைக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வருகிறவர், அதையும் நிறுத்திவிட்டார். சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. பூவாத்தாளுக்குப் பயமாக இருந்தது.

அவர் சாப்பிட்டால் போதும், கோழி என்ன, ஆட்டையே உரித்துச் சுட்டுக் கொடுத்திருப்பாள்.

ஆனால் இந்த ஜாடி அவளுக்குப் பிடிகொடுக்கவில்லை. முதல் கோழி சீமெண்ணெய் நாறியது. கரியில் எண்ணெயை ஊற்றிப் பற்றவைத்தால் பீங்கான் அதைக் குடித்துவைத்துக்கொண்டு கறிக்குக் கொடுக்கும் என்று யார் கண்டது? நாய்கூட முகர்ந்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டது.

அன்றைக்குத் தீயை அணைக்க, விறகடுப்புக்குச் செய்வதுபோல, ஒரு சொம்புத் தண்ணீரோடு குனிந்தாள். சென்னியப்பன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். விரிசல் விட்டுவிடும் என்றார். இரும்பை உருக்கி ஊற்றுகிறவருக்குத் தீயின் குணம் தெரியாதா என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த கோழி மேலே கரிக்கட்டை, எலும்போரம் ரத்தம்.

இன்றைக்கும் அப்படி ஆகிவிடக் கூடாதென்று, தீ ஏறியதுமே கீழ்க்கதவையும் மேல்துவாரத்தையும் அடைத்துவைத்தாள். கொஞ்ச நேரம் பொறுத்து, வெந்துவிட்டதா பார்க்கலாமென்று ஒரே தூக்காகத் தூக்கினாள். காற்றுக்கு ஏங்கிக் கிடந்த தீ சும்மா விடுமா.

சத்தம் கேட்டு சென்னியப்பன் வந்தார். துண்டை நனைத்து அவள் முகத்தில் ஒற்றினார். பிறகு மூடியைச் சாத்தினார். குனிந்து பார்க்காமலே கீழ்க்கதவைக் கொஞ்சம் நகர்த்தினார். மூடியை ஒரு விரற்கடை உயர்த்தி, அப்படியே பிடித்திருந்து, அப்புறம் முழுக்கத் தூக்கினார். தீ எழும்பவேயில்லை.

“மொதோ தடவ அப்பிடித்தான் ஆகும் அம்மணி. ஒரு வெரக்கட தூக்கி, காத்து உட்டுப்போட்டுத்தான் தொறக்கோணும்.”

கல்யாணமான நாளிலிருந்து தனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்தறியாத மனுஷன். இடுக்கியை எடுத்துக் கோழியைப் பதமாகப் புரட்டிப் போட்டார்.

பூவாத்தாள் உள்ளே போய்க் கண்ணாடியைப் பார்த்தாள். வலது புருவத்தில் பாதியைக் காணோம். வலது முழங்கை வரைக்கும் மயிர் பொசுங்கியிருந்தது.

இந்தப் புருவத்தை அவள் முன்பே பார்த்திருக்கிறாள்.

தொண்ணூற்று நாலு பங்குனியில், ஒரு சனிக்கிழமை, சென்னியப்பன் இதே பாதிப் புருவத்தோடு வீடு திரும்பினார். காரமடையிலிருந்து வரும் வழியில் பெரியநாயக்கன்பாளையத்துப் பவுண்டரியில் எட்டிப் பார்த்தாராம், உலையில் பொறி தெறித்துவிட்டதாம். கோயில் பிரசாதத்திலேயே வயிறு நிறைந்துவிட்டது என்று சோறும் வேண்டாமென்றார். வெண்ணெய் எடுத்துத் தடவிவிட்டவள் பூவாத்தாள். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அதுவே போதும் என்று அடுத்த செவ்வாய் தண்டு மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தியவளும் அவள்தான்.

எந்த உலையிலும் பொறி தெறிக்கவில்லை. காரமடையில் பெருமாள் மட்டும் குடியிருக்கவில்லை. ஆடியில் அங்கே எவள் கண்ணை மூடி எந்த வீடு பூட்டிப்போனதோ, அந்த வீட்டுச் சாமான் இங்கே வந்து இறங்கியிருக்கிறது. டாக்டர்களுக்குப் பிடிபடாத சீக்கு அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து இலையைப் போட்டாள்.

ஆறேழு மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சென்னியப்பன் மனுஷன் மாதிரி சாப்பிட்டார். தொடையைப் பிய்த்துத் தின்றுவிட்டு, இன்னொரு துண்டு வை என்று கையை நீட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

பூவாத்தாள் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாள்.

“ஏனுங்க, காரமடையில சாப்பிட்ட மாதிரியே இருக்குதுங்களா?”

சென்னியப்பன் வாயில் போட்டிருந்ததை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.